கரண்ட் வைக்கும்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது? தடுக்க மருந்து உண்டா?

கேள்வி இது: “அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். 35 தடவை கரண்ட் வைக்க வேண்டும், மொத்தம் 70 கிரே என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்பு முழுக்க 4 கிரே பட்டாலே பிழைப்பது கஷ்டம் என்று படித்தேன். அப்படியானால் 70 கிரேயை எப்படித் தாங்குவார்? நல்ல செல்களைக் காப்பாற்ற ஏதாவது மாத்திரை இருக்கிறதா? சொந்தக்காரர் ஒருவர் ஆன்டி ஆக்சிடன்ட் கேப்சூல் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த கேப்சூலை இப்போதைக்கு பீரோவில் வைத்துவிடுங்கள். ஏன் என்பது செல்லுக்குள் நடப்பது தெரிந்தால்தான் புரியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை; பாய்வது மின்சாரம் இல்லை, எக்ஸ் கதிர். உடம்பில் விழும் கதிரின் அளவைச் சொல்லும் அலகுதான் கிரே. 4 கிரே என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்பவே முடியாது. ஒரு கிலோ உடலுக்கு 4 ஜூல். 70 கிலோ ஆளுக்கு மொத்தம் 280 ஜூல். உடல் வெப்பநிலையை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது ஏற்றும். சூடான டீயை ஒருமுறை உறிஞ்சினால், அந்த ஒரு டீஸ்பூன்கூட வராத டீயில் இருக்கும் வெப்பம் அவ்வளவுதான். டீ குடித்து யாரும் சாவதில்லை, ஆனால் இந்த 280 ஜூலுக்குச் சாகிறார்கள். ஆகவே விஷயம் ஆற்றலின் அளவில் இல்லை. அது எப்படி வந்து விழுகிறது என்பதில் இருக்கிறது. குழம்பில் கரைந்த உப்பு நாக்குக்கு இதமாக இருக்கும். அதே உப்பு கரையாமல் கல்லாகப் பல்லில் அகப்பட்டால் முகம் சுளிக்கிறோம். டீயின் வெப்பம் கரைந்த உப்பு. எக்ஸ் கதிர் கல் உப்பு. விழுகிற இடத்தில் ஒரு மூலக்கூறின் எலக்ட்ரானையே பிடுங்கிவிடுகிற அளவுக்குக் குவிந்து விழுகிறது.

அப்படி விழும்போது பெரும்பாலும் அடிபடுவது தண்ணீர்தான், செல்லில் அதுதான் அதிகம். எலக்ட்ரானை இழந்த தண்ணீர் மூலக்கூறு கணப்பொழுதில் உடைந்து ஹைட்ராக்சில் என்ற ஃப்ரீ ரேடிக்கலாகிறது. மகா மூர்க்கமான பிறவி, பக்கத்தில் எது கிடைத்தாலும் கடிக்கும். எக்ஸ் கதிரால் டிஎன்ஏவுக்கு வரும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதன் வேலை. மீதிதான் கதிர் நேரடியாக டிஎன்ஏவில் விழுந்து செய்வது. ஆனால் ஹைட்ராக்சிலின் ஆயுள் மிகக் குறைவு. ஒரு விநாடியை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் சில துண்டுகள்தான். அதற்குள் சில நானோமீட்டர் தூரம்தான் போக முடியும். டிஎன்ஏவை ஒட்டிப் பிறந்ததுதான் டிஎன்ஏவைக் கடிக்கும். காப்பாற்ற வரும் மருந்தும் அந்த நேரத்தில், அந்த இடத்தில், போதிய அளவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு ஓடிவந்து பயனில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாமே இந்த நேரக் கணக்குதான்.

கடிபட்ட டிஎன்ஏவுக்கு அடுத்த சில மில்லி விநாடிகளில் ஒரு போட்டி நடக்கிறது. ஒரு பக்கம் ஆக்சிஜன். அது வந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் காயம் நிலைத்துவிடும். மறுபக்கம் குளூட்டாதயோன் மாதிரியான கந்தகம் கொண்ட தயால்கள். அவை தங்களிடமுள்ள ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த இடத்தை முன்பிருந்தபடியே ஆக்கிவிடும். ஆக்சிஜன் நன்றாக இருக்கும் செல்லைக் கொல்ல 1 கிரே போதுமென்றால், ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல 2.5 முதல் 3 கிரே வரை வேண்டும். பெரிய கட்டிகளின் நடுவில் ரத்த ஓட்டம் சரியில்லாமல் மூச்சுத்திணறிக் கிடக்கும் செல்கள் கதிருக்கு அடங்காமல் இருப்பது இதனால்தான்.

இது வரைக்கும் வெறும் வேதியியல். செல் இன்னும் எதையும் உணரவில்லை. 1 கிரே பட்ட செல்லில் டிஎன்ஏவின் ஒற்றை இழை சுமார் ஆயிரம் இடங்களில் அறுந்திருக்கும். அது பெரிய பிரச்சினை இல்லை, எதிர் இழையைப் பார்த்துத் தைத்துவிடலாம். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுவதுதான் வினை. அது 20 முதல் 40 வரை இருக்கும். அப்பாவின் ஒரு சிட்டிங் 2 கிரே, ஆக, கதிர் படுகிற ஒவ்வொரு செல்லிலும் 40 முதல் 80 அறுந்த முனை ஜோடிகள்.

இதை முதலில் மோப்பம் பிடிப்பது ஏடிஎம் என்ற புரதம். பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல. அட்டாக்சியா டிலாஞ்செக்டேசியா என்ற பரம்பரை நோயின் பெயரிலிருந்து வந்தது. அந்த நோயுள்ள குழந்தைகளுக்குப் புற்றுநோய் வந்து, வழக்கமான அளவில் கதிர் கொடுத்தபோது உடம்பு வெந்துபோனது. அப்படித்தான் இந்த ஜீனின் முக்கியத்துவம் வெளிச்சத்துக்கு வந்தது. சாதாரண நேரத்தில் ஏடிஎம் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு தூங்கும். டிஎன்ஏ அறுந்த சில நிமிடங்களுக்குள் பிரிந்து வேலையைத் தொடங்கி, அறுந்த இடத்தின் இருபுறமும் வெகுதூரத்துக்கு, ஹெச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் பாஸ்பேட் கொடி நட்டுவிடுகிறது. நிறமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இந்தக் கொடிகள் புள்ளி புள்ளியாக மின்னும். அவற்றை எண்ணியே ஒருவருக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று மதிப்பிட முடியும். முதன்முதலாக அதைப் பார்த்த மாணவர்கள் யாரும் சும்மா நகர்ந்ததை நான் பார்த்ததில்லை.

கொடி நட்டதும் தையல்காரர்கள் வருவார்கள். கூ என்ற புரதம் மோதிரம் போல அறுந்த முனையில் மாட்டிக்கொள்ள, மற்றவை வந்து இரு முனையையும் இழுத்து ஒட்டும். அவசரத் தையல்தான், சில எழுத்துகள் விட்டுப்போகலாம். செல் தன் டிஎன்ஏவை ஏற்கெனவே நகலெடுத்து முடித்திருந்தால், நகலைப் பார்த்துப் பிழையில்லாமல் தைக்கும் இன்னொரு வழியும் உண்டு. மார்பகப் புற்றுநோய்ப் பேச்சில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் இந்த இரண்டாவது கடையில் வேலை பார்ப்பவை. சேதத்தில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

தைக்கும்போது செல் பிரிந்துவிடக் கூடாதல்லவா? அதற்குத்தான் பி53. இந்தப் புரதத்தை செல் ஓயாமல் தயாரிக்கிறது, எம்டிஎம்2 என்பது ஓயாமல் அழிக்கிறது. இது என்ன வீண் செலவு என்று தோன்றும். ஆனால் ஆபத்து வந்ததும் புதிதாகத் தயாரிக்கத் தேவையில்லை; அழிப்பதை நிறுத்தினால் போதும், சட்டென்று குவிந்துவிடும். குவிந்த பி53 முதலில் பி21 என்ற பிரேக்கைப் போட்டு செல் பிரிவதை நிறுத்துகிறது. சேதம் தீரவில்லை என்றால் பூமா, பேக்ஸ் முதலானவற்றை ஏவி செல்லைத் தற்கொலை செய்ய வைக்கிறது. தனித்தனிச் செல்களைக் கவனித்தவர்கள் பி53 சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டார்கள். கதிர் கூடினால் அலையின் உயரம் கூடுவதில்லை, அலைகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. திரும்பத் திரும்ப வந்து “தைத்தாகிவிட்டதா?” என்று கேட்டுவிட்டுப் போகிற மேஸ்திரி மாதிரி.

எல்லாச் செல்லும் இப்படி உடனே சாவதில்லை. ரத்தத்தின் லிம்போசைட், குடலின் அடிச்செல், எலும்பு மஜ்ஜைச் செல் போன்றவை சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொள்ளும். தொண்டைக் கட்டியின் செல்களோ, பெரும்பாலும் பி53 கெட்டுப்போனவை. காயத்தோடு ஓடிக்கொண்டே இருந்து, பிரிய முயலும்போது குரோமோசோம்கள் சிக்கிக்கொண்டு சாகும். ஒரு தடவையில் தப்பினாலும் அடுத்த பிரிவிலோ அதற்கடுத்த பிரிவிலோ அகப்படும். அதனால் கட்டி மெதுவாகத்தான் கரையும்.

இப்போது உங்கள் 70 கிரே சந்தேகம். முதல் விஷயம், 4 கிரே கணக்கு உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பட்டால்தான். அப்போது மஜ்ஜை மொத்தமும் அடிபட்டு, சில வாரங்களில் தொற்றும் ரத்தக்கசிவும் ஆளைக் கொல்லும். அப்பாவுக்குக் கழுத்தில் மட்டும்தான் படுகிறது, இடுப்பெலும்பு மஜ்ஜை பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது, பிரித்துக் கொடுப்பது. 1959-இல் எல்கைண்ட், சட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செல்களுக்கு ஒரே அளவு கதிரை ஒரே தடவையிலும், சில மணி நேர இடைவெளியில் இரண்டு பங்காகவும் கொடுத்துப் பார்த்தார்கள். பிரித்துக் கொடுத்ததில் பிழைத்தவை அதிகம், இடைவேளையில் தைத்துக்கொண்டன. மெதுவாகப் பிரியும் நல்ல திசுக்கள் இந்த இடைவேளையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன, வேகமாகப் பிரியும் கட்டிக்கு அவ்வளவு லாபம் கிடைப்பதில்லை. தினமும் 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், 7 வாரம் என்று இழுப்பது அந்தச் சின்ன வித்தியாசத்தை 35 தடவை பெருக்கிக்கொள்வதற்குத்தான்.

சரி, மருந்துக்கு வருவோம். 1949-இல் சிகாகோவுக்கு அருகே ஆர்கான் ஆய்வகத்தில் ஹார்வி பேட் குழுவினர் எலிகளுக்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை ஊசியில் போட்டுவிட்டு எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். வழக்கமாக எலிகள் செத்துப்போகும் அளவில் பெரும்பாலானவை பிழைத்தன. அதே சிஸ்டீனைக் கதிர் பட்ட பிறகு கொடுத்தார்கள், ஒரு பலனும் இல்லை. சிஸ்டீனும் ஒரு தயால்தான். மேலே சொன்ன மில்லி விநாடிப் போட்டியில் ஆள்பலம் சேர்க்கிறது, அவ்வளவுதான். போட்டி முடிந்த பிறகு ஆள் அனுப்பி என்ன செய்வது?

அணுகுண்டுப் பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. போர்வீரன் பையில் ஒரு மாத்திரை இருக்க வேண்டும், குண்டு விழும் முன் விழுங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையம் 4,000-க்கு மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்தது. தேறியவற்றில் முதலிடம் டபிள்யூஆர்-2721, இன்றைய பெயர் அமிஃபோஸ்டின். ஆனால் ராணுவத்துக்கு அது உதவவில்லை. வாய்வழி கொடுத்தால் வேலை செய்யாது, நரம்பில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் குமட்டலும் வாந்தியும், ரத்த அழுத்தமும் இறங்கும். வாந்தி எடுத்துக்கொண்டு தலைசுற்றிக் கிடக்கிற சிப்பாயை வைத்துக்கொண்டு எந்தத் தளபதியால் போர் நடத்த முடியும்?

அதைப் புற்றுநோய் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காரணம் அதன் வடிவம். தயால் முனையில் ஒரு பாஸ்பேட் மூடி போட்டிருக்கிறது. மூடி இருக்கும்வரை மருந்து செயல்படாது. மூடியைக் கழற்றுவது அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. அது நல்ல திசுக்களிலும் அவற்றின் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் தாராளம். கட்டியில் ரத்தக்குழாய்கள் தாறுமாறு, நொதி குறைவு, அமிலத்தன்மை அதிகம். அதனால் மூடி சரியாகக் கழலாது. மூடி கழன்ற மருந்து நேர்மின்னேற்றம் கொண்டது, எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏவைச் சுற்றி அடையும். எங்கே, எப்போது நிற்க வேண்டுமோ அங்கே, அப்போது நிற்கிறது. ஆனால் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தங்கும் என்பதால், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் 15 முதல் 30 நிமிடம் முன்பு ஊசி போட வேண்டும்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுத்த 315 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் மிதமான அல்லது கடுமையான வாய் வறட்சி 78 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் குறைந்தது. வாய்ப்புண் குறையவில்லை. அமெரிக்காவில் 1999-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. உமிழ்நீர்ச் சுரப்பி ஒரு விசித்திரமான இடம். மெதுவாகப் பிரியும் செல்கள் கதிரைத் தாங்கும் என்பது 1906-லிருந்து சொல்லப்படும் விதி. உமிழ்நீர்ச் செல்கள் மெதுவாகத்தான் பிரிகின்றன, ஆனாலும் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடும். விதி இருந்தால் விலக்கும் இருக்கத்தானே செய்யும்.

இன்று அமிஃபோஸ்டினைப் பார்ப்பது அரிது. அதைத் தோற்கடித்தது வேறொரு மருந்து இல்லை, இயந்திரம்தான். ஐஎம்ஆர்டி என்று உங்கள் ஃபைலில் எழுதியிருப்பார்கள். கதிரைப் பல கோணங்களில் செதுக்கி, காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்கிவிடும் முறை. பிரிட்டனில் 2011-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து மிதமான அல்லது கடுமையான வறட்சி பழைய முறையில் 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம். வாந்தியும் கிடையாது, தினம் ஊசியும் கிடையாது. நல்ல செல்லுக்கு இருக்கும் சிறந்த காப்பு அதன்மேல் கதிர் படாமல் பார்த்துக்கொள்வதுதான் என்பதைக் கண்டுபிடிக்க நாங்கள் 4,000 சேர்மங்களைத் தாண்டி வர வேண்டியிருந்தது!

கதிர் பட்ட பிறகு எதுவுமே செய்ய முடியாதா? முடியும், ஆனால் இலக்கு மாறிவிடுகிறது. ரேடிக்கலைப் பிடிக்கும் நேரம் போய்விட்டது; இனி செல்லின் முடிவைத்தான் மாற்றப் பார்க்கலாம். உதாரணமாக அந்த பி53. தற்கொலைக்கு உத்தரவு போடுவது அதுதான் என்றால் கொஞ்ச நாள் அதன் வாயைக் கட்டினால் என்ன? 1999-இல் பிஃபித்ரின் என்ற சேர்மத்தால் அப்படிச் செய்தபோது, கொல்லும் அளவு கதிர் பட்ட எலிகள் பிழைத்தன. எல்லோரும் துள்ளினார்கள். 2004-இல் அடுத்த செய்தி வந்தது: பி53 இல்லாத எலிகளுக்கு இன்னும் அதிகமான கதிர் கொடுத்தால், குடல் சிதைந்து மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் சாகின்றன. மஜ்ஜையில் பி53 கொலைகாரன். குடலிலோ அது பிரேக். பிரேக் இல்லாத குடல் செல்கள் அறுந்த டிஎன்ஏவோடு பிரியப் போய் ஒட்டுமொத்தமாக அழிகின்றன. இந்த முடிவைப் படித்த பிறகு “செல்களைப் பாதுகாக்கும்” என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும், எந்த செல்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

நடைமுறைக்கு வந்தது இன்னும் எளிய வழி. செத்தவை சாகட்டும், மிச்சமுள்ள மஜ்ஜையைத் தட்டி எழுப்புவோம் என்பது. கீமோ வார்டில் “வெள்ளை அணு ஊசி” என்கிறார்களே, அதே ஃபில்கிராஸ்டிம். அணு விபத்தில் சிக்கியவர்களுக்குக் கொடுக்க 2015-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மனிதர்களைக் கதிரில் நிறுத்திச் சோதிக்க முடியாது என்பதால் ஆதாரம் குரங்குகளிடமிருந்து. மறுநாளிலிருந்து ஊசி பெற்றவற்றில் 79 சதவீதம் பிழைத்தன, பெறாதவற்றில் 41.

அயோடின் மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கம், கூடங்குளம் என்று பேச்சு வந்தாலே இது வந்துவிடுகிறது. பொட்டாசியம் அயோடைடு கதிருக்கு எதிரான மருந்து அல்ல. அணு உலை விபத்தில் வெளிவரும் கதிரியக்க அயோடின் தைராய்டுக்குள் போகாதபடி, முன்கூட்டியே நல்ல அயோடினால் இடத்தை நிரப்பும் வேலை. பஸ் கிளம்பும் முன் சீட்டில் துண்டு போடுவது மாதிரி. 1986-இல் செர்னோபில் வெடித்தபோது போலந்து சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசலைக் கொடுத்தது. வேறு எந்தக் கதிருக்கும் அது உதவாது. 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஒருவரைக் கொன்றது. அங்கே அயோடினை அள்ளிக் கொடுத்திருந்தாலும் பயனில்லை. 2011-இல் ஃபுகுஷிமா பயத்தில் சீனாவில் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். ஒரு மாத்திரையிலுள்ள அயோடினை நம் ஊர் உப்பிலிருந்து பெற ஆறேழு கிலோ உப்பைத் தின்ன வேண்டும்.

கடைசியாக அந்த கேப்சூல். கனடாவின் கியூபெக்கில், உங்கள் அப்பாவைப் போலவே தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் பெற்ற 540 பேரிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் என்ற ரேடிக்கலை அடக்கும் ஆன்டி ஆக்சிடன்ட்களைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், 2005-இல் முடிவு வந்தது. பக்கவிளைவு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் கட்டி திரும்பி வரும் போக்கும் கூடுதலாகத் தெரிந்தது. தொடர்ந்து கவனித்ததில் இறப்பும் அதிகமானது. சிகிச்சை நாட்களில் புகைத்தவர்களுக்குத்தான் பாதிப்பு பெரிது. காரணத்தை நீங்களே இப்போது சொல்லிவிடலாம்: வைட்டமின் ஈக்கு பாஸ்பேட் மூடி கிடையாது, நல்ல செல், கெட்ட செல் என்று அது பார்ப்பதில்லை. துளசியிலுள்ள ஓரியன்டின், வைசெனின் இரண்டும் எலிகளைக் கதிரிலிருந்து காத்ததை மணிப்பால் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் எலிக்கு ஊசியில் போட்ட சாரத்துக்கும் கடையில் வாங்கும் கேப்சூலுக்கும் சம்பந்தமில்லை. ரசத்தில் போடுகிற மிளகும் கொத்தமல்லியும், காலையில் நாலு துளசி இலையும் பற்றிக் கவலைப்படாதீர்கள். செறிவூட்டிய மாத்திரை, பொடி எதுவாக இருந்தாலும் ரேடியேஷன் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. முதல் சிட்டிங்குக்கு முன்பே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எச்சில் குறைந்தால் பல் சொத்தையாகும், கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். பிடுங்க வேண்டியதை இப்போதே பிடுங்கிவிடுவது நல்லது. பீடி, சிகரெட் இருந்தால் அதையும் இப்போதே நிறுத்த வேண்டும். அப்புறம், 35-வது சிட்டிங் முடிந்த மறுவாரமே ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். பெட் ஸ்கேனைப் பொதுவாக 12 வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் கட்டியும் ஒரே மாதிரி ஒளிரும். அந்தக் கட்டிச் செல்களில் பல அப்போதுதான் கடைசித் தடவையாகப் பிரியப் பார்த்துக்கொண்டிருக்கும்.